அணைந்து அணைந்து போன ஹீட்டர்

நுவரெலியாவில் ஜனவரி எப்படியிருக்கும் என்று அங்கே ஒரு இரவாவது தங்கியவர்களுக்குத் தெரியும். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பைப்பைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடிக்கும். பனியில் கொழுந்து கருகிவிடும் என்று தோட்டங்களில் பேச்சாக இருக்கும். அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீடு டவுனிலிருந்து கொஞ்சம் மேலே, சரிவில். எனக்கு வேலை ஹட்டனில். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, அப்புறம் தீபாவளி, பொங்கல் என்று போய்வருவேன். 2023 ஜனவரியில் அந்த வீட்டில் நடந்ததை அப்பாவின் மனம் நோகுமே என்று இவ்வளவு நாளும் எழுதாமல் வைத்திருந்தேன். போன மாதம் அவரே, "எழுது, நாலு பேரு வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தேயிலைப் பெக்டரியில் 34 வருசம் பிட்டராக இருந்தவர். ரோலர் நின்றாலும், ட்ரையர் நின்றாலும், நடு ராத்திரியில் லயத்துக்கு ஆள் வந்து கதவைத் தட்டும். கொழும்பிலிருந்து சாமான் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை கொழுந்து காத்திருக்காது, ஆகவே கையில் இருப்பதை வைத்து மெஷினை ஓட வைப்பதுதான் அவர் வேலை. மலையகத்தில் இப்படி ஆயிரம் அப்பாக்கள் இருக்கிறார்கள். பழுதான எதையும் தூக்கிப் போடாமல் கழற்றிப் பார்த்து, கம்பியோ வாஷரோ வைத்துச் சரிசெய்து வளர்ந்த கைகள் அவை. அந்தக் கைகளால்தான் நான் படித்தேன். அந்தக் கைகளைக் குறைசொல்லி இதை எழுதவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, குளிர் வந்தால் இரவில் தூக்கம் இல்லை. அண்ணன் கொழும்பில் ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கி அனுப்பினார். சக்கரம் வைத்த பெட்டி மாதிரி இருக்கும், பின்னால் கேஸ் சிலிண்டர் உட்காரும், முன்னால் மூன்று வெள்ளைத் தகடுகள், பற்றவைத்தால் செம்மஞ்சளாகத் தணல் போல ஒளிரும். அதற்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்து வருவது எல்லாமே அறைக்குள்தான் வரும். இதை நாங்கள் யாரும் அப்போது யோசிக்கவில்லை. புகையே தெரியாத நெருப்பு, அம்மாவின் கால் சூடாகிறது, எல்லாருக்கும் சந்தோசம்.

ஆனால் அது அணைந்துபோனது. அரை மணி நேரம் எரியும், டிக் என்று ஒரு சத்தம், அணைந்துவிடும். மறுபடி பற்றவைத்தால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு அணையும். அண்ணனிடம் சொன்னோம், அவர் வாங்கிய இடத்தில் கேட்டார், கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு யார் அதைத் தூக்கிக்கொண்டு போவது? அப்பா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கழற்றினார். சின்னதாக எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பைலட் சுடர், அதன் பக்கத்தில் தெர்மோகப்பிள் என்ற செம்புக் கம்பி. பைலட் அந்தக் கம்பியின் நுனியைச் சுட்டுக்கொண்டிருக்கும் வரைதான் கேஸ் வால்வு திறந்திருக்கும், சுடர் விலகினால் வால்வு மூடிவிடும். இதை அப்பா யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துவிட்டார். சுடர் ஏனோ கம்பியை விட்டு விலகிப்போகிறது, அதனால்தான் அணைகிறது என்பதும் அவருக்குப் புரிந்தது. கம்பியின் நுனியைச் சுடருக்குள் நன்றாக இறங்கும்படி நகர்த்தினார். கேஸ் வரும் சின்னத் துளை, ஜெட் என்பார்கள், அது அடைத்திருக்கலாம் என்று ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். அன்றிலிருந்து ஹீட்டர் அணையவே இல்லை.

போனில் எனக்குச் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிறைவு இன்னும் காதில் இருக்கிறது. நானும் "பாத்தீங்களா அப்பா, கம்பனிக்காரனுக்கே முடியாதது" என்று சொன்னேன். அதைச் சொன்னவன் நான்.

கேஸ் விசயத்தில் நாங்கள் கவனம் இல்லாதவர்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க வீடுகளில் கேஸ் வெடித்தது ஞாபகம் இருக்கும். தினமும் செய்தி, அடுப்புக் கண்ணாடி சிதறிய படங்கள், ஜனாதிபதி போட்ட குழு, சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கும் விகிதம் மாறியதுதான் காரணம் என்ற பேச்சு. அந்த மாதங்களில் அம்மா அடுப்பைப் பற்றவைக்கவே பயந்து விறகுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோப்புத் தண்ணீர் தொட்டு வைக்காத கேஸ் ஹோஸ் கிடையாது. குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் நல்லது. மூக்கை வைத்து மணம் பார்ப்போம். கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும் என்று என் ஆறு வயது மகளுக்குக்கூடத் தெரியும்.

எங்கள் பயம் எல்லாம் எரியாத கேஸ் மீதுதான். எரிந்த கேஸ் என்ன செய்யும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அந்த வாரம் பொங்கலுக்குப் போயிருந்தோம். கடுங்குளிர். ஜன்னல் இடுக்குகளில் அம்மா பழைய துணி திணித்து வைத்திருந்தார், கதவுக்குக் கீழே சாக்கு. சுவரெல்லாம் வியர்த்து நீர் வடிந்தது. "பனி உள்ளுக்கே வருதுடா" என்று அப்பா துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது பனி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேலே நீராவி வரும். அந்த அளவு ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 300 கிராம் வரை எரிக்கும், அதாவது மணிக்கு அரை லீற்றர் தண்ணீர் சுவரில் போய் ஒட்டும். சுவர் அப்படி வியர்த்தால் எரிந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லை என்று அர்த்தம். அது எங்கள் கண் முன்னாலேயே வடிந்தது, நாங்கள் துடைத்து விட்டோம்.

மகள் ஆத்தாவோடு படுப்பேன் என்று அடம்பிடித்து ஹீட்டர் இருந்த அறையில் படுத்தாள். பத்து மணிபோல "தல வலிக்குது" என்றாள். சித்தாலேப தைலம் தடவிவிட்டோம். அம்மாவுக்கும் தலை கனமாக இருந்தது, கொத்தமல்லி அவித்துக் குடித்தார். எனக்கும் லேசாக வலித்தது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, காய்ச்சல் யாருக்கும் இல்லை. ஜலதோசம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டு நான் பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்தேன்.

ஐந்து மணிக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா பாத்ரூம் போக எழுந்து வாசற்படியில் விழுந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். பிரஷர் என்று நினைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் கண்ணைத் திறந்தார், ஆனால் என்னைத் தெரியவில்லை. மகளைத் தூக்கினேன், தலை தொங்கியது. அந்த நிமிடத்தை இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. வாசல் கதவை அகலத் திறந்து மூன்று பேரையும் வெளி இஸ்தோப்புக்கு, அதாவது முன் விறாந்தைக்கு, இழுத்துக்கொண்டு வந்தேன். அறிவோடு செய்த காரியம் இல்லை, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடத்தான் கதவைத் திறந்தேன். அந்தக் கதவுதான் அவர்களைக் காப்பாற்றியது. 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் விரலில் ஒட்சிசன் அளக்கும் கிளிப் மாட்டினார்கள், 98 காட்டியது. கொரோனா காலத்தில் நாங்கள் எல்லாரும் படித்த கணக்குப்படி 98 என்றால் பிரச்சினை இல்லை. நான் மூச்சு விட்டேன். ஆனால் அந்த இளம் டொக்டர், சிங்களவர், பேச்சுத் தமிழில் கேட்டார்: "வீட்டுல இரவு என்ன எரிஞ்சது?" ஹீட்டர் என்றேன். உடனே மூன்று பேருக்கும் ஒட்சிசன் மாஸ்க் போடச் சொன்னார். கேஸோ கரியோ சரியாக எரியாதபோது வரும் விசவாயுவான காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) இரத்தத்தில் ஏறியிருந்தால் அந்தக் கிளிப் ஏமாந்துபோகும், ஒட்சிசனையும் அதையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று அவர் பிறகு விளக்கினார். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், காபனோரொட்சைட்டை அதை விட 200 மடங்குக்கும் மேலே இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றில் இருந்தால் ஏறியதில் பாதி இறங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஒட்சிசன் கொடுத்தால் அது ஒரு மணி, ஒன்றரை மணியாகக் குறையும். மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு இருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. மகள் தலைவலி என்று சொன்னதற்கும் நான் கதவைத் திறந்ததற்கும் நடுவில் ஏழு மணி நேரம்.

மகள் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா இரண்டு நாள், அப்பா நான்கு நாள் வாட்டில் இருந்தார்கள். அப்பாவுக்குச் சில வாரங்களுக்கு மறதி இருந்தது, ஸ்பெனர் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு கையிலேயே வைத்திருப்பார். இந்த விசம் போன பிறகும் மூளையில் அப்படி ஒரு தடம் விட்டுப் போகலாமாம். இப்போது சரியாக இருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஹொட்டல்களுக்குக் கேஸ் வேலை செய்யும் ஒரு பாஸை, அதாவது மெக்கானிக்கை, கூட்டிக்கொண்டு வந்தேன். நாற்பது வயது இருக்கும், அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். ஹீட்டரைப் பற்றவைக்கக்கூட இல்லை, டோர்ச் அடித்துப் பைலட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, இது பழுதாகவே இல்ல. காத்து போதலன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அந்தப் பைலட் சும்மா ஒரு சுடர் இல்லை. சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அறையில் அது 18 சதவீதம் பக்கம் இறங்கும்போது பைலட் சுடர் காற்றைத் தேடி எழும்பி, தெர்மோகப்பிளை விட்டு விலகும்படி அளந்து செய்திருக்கிறார்கள். விலகினால் கம்பி குளிரும், வால்வு மூடும், ஹீட்டர் அணையும். தூங்குகிறவர்களுக்குப் பதிலாக அது விழித்திருக்கிறது. அப்பா கம்பியைச் சுடருக்குள் இறக்கியபோது அந்தக் காவலைத்தான் எடுத்துவிட்டார்.

ஆனால் அது ஏன் அரை மணிக்கொரு தரம் அணைந்தது? இதுதான் நம்ம ஊரில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய விசயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். இங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு வாளி காற்று என்று எடுத்தால் அதற்குள் இருக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. கீழே உள்ள ஊர்களுக்கு அளந்து செய்த ஹீட்டரை மேலே கொண்டுவந்தால், கேஸ் ஏறக்குறைய பழைய அளவிலேயே வருகிறது, அதை எரிக்கும் காற்று மட்டும் மெலிந்துவிடுகிறது. அப்படிப் பாதி எரிந்த கேஸ்தான் காபனோரொட்சைட்டு. அமெரிக்காவில் 600 மீற்றருக்கு மேலே கேஸ் சாதனம் பொருத்தினால், கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் 4 சதவீதம் என்று கேஸைக் குறைத்துவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நுவரெலியாவுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். ஒட்சிசன் பார்க்கும் பைலட்டும் உயரமான இடங்களில் சீக்கிரம் சீக்கிரம் அணையும். ஆகவே இங்கே மேலே அடிக்கடி அணையும் ஹீட்டரைப் பார்த்தால் எல்லாருக்கும் பழுது என்றுதான் தோன்றும், எல்லாரும் அதை அணையாமல் செய்யத்தான் பார்ப்பார்கள்.

ஜெட்டை ஊசியால் குத்தியதும் அதே மாதிரித்தான். பித்தளை மென்மையானது, ஊசி போனால் துளை பெருக்கும். 0.7 மில்லிமீற்றர் துளை 0.8 ஆனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் 30 சதவீதம் கூடுதல் கேஸ் வரும். குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறோம்.

பாஸ் சொல்லி முடித்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பெல்ட்டுக்குப் போட்டிருக்கிற கம்பி வலையைக் கழட்டிட்டு ரோலர் ஓட்டினவன நான் பெக்டரிய விட்டே வெரட்டியிருக்கேன் தம்பி. இதுவும் அந்த வலைதான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

பாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா நீங்க தொட்டிருக்க மாட்டீங்க ஐயா" என்றார். அந்த மனிதருக்கு நான் எப்போதும் கடன்பட்டவன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் என் கண் இதைத்தான் தேடுகிறது. பாத்ரூமுக்குள்ளேயே சுவரில் மாட்டிய கேஸ் கீசர் எத்தனை வீடுகளில் இருக்கிறது தெரியுமா? ஒரு சின்ன அறை, ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிருக்கு மூடி வைத்திருப்பார்கள். பிள்ளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுடுதண்ணீரில் அரை மணி நேரம் நிற்கும். ஒரு தெரிந்தவர் வீட்டில் கீசர் மேலிருந்து வெளியே போகும் புகைக் குழாய் கழன்று தொங்கியது, "மழத்தண்ணி உள்ள வருது" என்று வெளி வாயைப் பொலித்தீன் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எரிந்த காற்று போகும் ஒரே வழி அது. இன்னொரு வீட்டில் தண்ணீர் சூடு போதவில்லை என்று, பெரிய அடுப்புகளுக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை கீசருக்கு மாட்டியிருந்தார்கள். வீட்டுச் சாதனங்கள் 30 மில்லிபார் பக்கம் அழுத்தத்துக்குச் செய்தவை. அதைப் போல பல மடங்கு கொடுத்தால் தண்ணீர் நன்றாகத்தான் சுடும், கூடவே சுடர் மஞ்சளாகி மூடி முழுக்கக் கரி பிடிக்கும். அந்தக் கரியைப் பார்த்தும் அவர்கள் துடைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார்கள், நாங்கள் சுவரைத் துடைத்த மாதிரியே.

குளிரில் சிலிண்டர் சரியாகக் கேஸ் விடாது. பியூட்டேன் சைபர் டிகிரிக்கு அருகே வந்தால் ஆவியாகவே மறுக்கும், புரொப்பேனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது மைனஸ் 42 வரை தாங்கும். பியூட்டேன் கூடுதலாக உள்ள சிலிண்டர் நம்ம ஜனவரியில் சோர்ந்துபோவது இயற்கை. அதற்காகச் சிலிண்டரைக் கொதிதண்ணீரில் வைக்கிறார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் உருட்டி வைக்கிறார்கள், ஹீட்டரைச் சிலிண்டர் பக்கமே திருப்பி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய துரை பங்களாக்களைப் பிரித்து வாடகைக்கு விடுகிற வீடுகளில் இன்னொன்று: கணப்பு இருந்த இடத்தில் கேஸ் ஹீட்டரை வைத்துவிட்டு, மேலே புகைபோக்கியைச் சிமெந்து போட்டு அடைத்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் சீசன் வரும்போது எனக்கு மனம் பதறுகிறது. சீசனுக்குக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள், வீட்டு அறைகளைச் சுத்தம் செய்து ஒரு வாரம் பத்து நாள் வாடகைக்கு விடுவது நம்ம ஆட்களுக்கு நல்ல வருமானம். அதற்கு முன்னால் கீசரையும் ஹீட்டரையும் வீட்டுக்காரரே கழற்றிச் சரிபார்ப்பார், செலவு மிச்சம். வந்து தங்குகிறவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. குளிர் தாங்காமல் ஜன்னலை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு படுப்பார்கள். காலையில் தலைவலி என்றால் மலை ஏறி வந்ததால் என்று நினைப்பார்கள். வாடகைக்கு விடுகிற அண்ணன்மார் அக்காமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பாஸ் வாங்கும் காசு ஒரு அறையின் ஒரு நாள் வாடகைக்குள் முடிந்துவிடும்.

நம் கையால் செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. சோப்புத் தண்ணீர் தொட்டுப் பார்ப்பது, வெடிப்பு விழுந்த ஹோஸை மாற்றுவது (தண்ணீர் ஹோஸ் இல்லை, கேஸுக்கு என்றே விற்பது), இரவில் சிலிண்டரை மூடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, சுடர் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பது, கரி பிடித்தால் நிறுத்துவது. இதற்கெல்லாம் யாரும் வரத் தேவையில்லை. ஜெட், பைலட், தெர்மோகப்பிள், ரெகுலேட்டர், புகைக் குழாய், இந்த ஐந்தையும் மட்டும் தொடாதீர்கள். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், காய்ச்சல் இல்லையென்றால், தைலத்தைத் தேடுவதற்கு முன்னால் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன எரிந்தது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், எல்லா டொக்டரும் கேட்பார் என்று இருக்க வேண்டாம். இரவெல்லாம் அறைக்குள் கரித் தணல் வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், கரி இன்னும் மோசம்.

அந்த ஹீட்டர் இப்போது வீட்டில் இல்லை. அம்மா சுடுதண்ணிப் பையை முழங்காலுக்கு வைத்துக்கொண்டு, இரண்டு கம்பளிக்குள் தூங்குகிறார். மாலையில் எல்லாரும் குசினியில் அடுப்புப் பக்கத்தில்தான் உட்காருவோம். பாஸ் சொன்னபடி அப்பா அந்தக் குசினிச் சுவரில் இரண்டு துவாரம் வெட்டினார், ஒன்று தரையை ஒட்டி, ஒன்று கூரைக்குக் கீழே. எலி வராமல் இரண்டுக்கும் கம்பி வலை அடித்தார். உளியும் சுத்தியலுமாக இரண்டு நாள் வேலை, என்னைத் தொடவிடவில்லை.

போன ஜனவரியில் குளிர் தாங்காமல் அம்மா கீழ்த் துவாரத்தில் ஒரு பழைய சேலையைத் திணித்து வைத்திருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அதை இழுத்தெடுத்து, தூசி தட்டி, மடித்து அம்மாவின் மடியில் போர்த்திவிட்டு, தன் ஸ்டூலை அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.